பெருநாள் பஸ்ஸுக்கு வெந்த கால்

சூசை அண்ணை கதவடியில் இருந்து ஜன்னலடி வரைக்கும் நன்றாகத்தான் நடந்தார். திரும்பும்போது அவருடைய வலது குதிக்கால் வாய் திறந்தது.

இதை வேறு விதமாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. முதலில் குதிக்காலின் ஓரமாக ஒரு கோடு விழுந்தது. அடுத்த எட்டில் அந்தக் கோடு பிளந்தது. அதற்கடுத்த எட்டில் உள்ளே இருந்து பிசின் மாதிரி ஒரு நூல் நிலம் வரைக்கும் இழுபட்டது. சீமெந்துத் தரையில், சேற்றுக்குள் மாடு நடக்கிற மாதிரி ஒரு சத்தம்.

அவர் நின்றார். சுவரைப் பிடித்துக்கொண்டு குனிந்து பார்த்தார். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"மாஸ்டர், உங்கட கால் சிரிக்குது."

பட்டறையில் வேறு யாரும் சிரிக்கவில்லை. நாளை மறுநாள் அந்தோனியார் கோவில் பெருநாள்.

முல்லைத்தீவில் செயற்கைக் கால் செய்கிற சிறிய பட்டறை ஒன்றில் நான் வேலை செய்கிறேன். இப்படி ஒரு பட்டறை ஏன் தேவை என்று எங்கள் மாவட்டத்தில் யாரும் கேட்பதில்லை. முழங்காலுக்குக் கீழே மாட்டுகிற பிளாஸ்டிக் குழலை வசந்தி அக்கா செய்வா. பட்டறைக்குப் பொறுப்பும் அவாதான். கணுக்காலுக்குக் கீழே வருகிற றப்பர் பாதம் என் பொறுப்பு. ஐந்து விரலும் நகமும் வைத்து, ஆளின் நிறத்துக்கு ஏற்ற மண்ணிறத்தில், தூரத்தில் நின்று பார்த்தால் உண்மையான கால் என்று நம்பும்படி செய்வேன். கிட்ட வந்து பார்த்தாலும் நம்பலாம் என்று நான் சொல்லுவேன். வசந்தி அக்கா அந்த நேரங்களில் வேறு பக்கம் பார்ப்பா.

சென்ற வாரம் இந்தப் பத்தியில் நான் மோட்டார் சைக்கிளோடு வாய்க்காலுக்குள் இறங்கிய கதையை வாசித்துவிட்டு, "இந்தக் கிழமையாவது நீங்கள் கெட்டித்தனமாகச் செய்த ஒரு காரியத்தை எழுதுங்கோவன்" என்று ஒரு வாசகி கேட்டிருந்தா. மூன்று நாள் யோசித்தேன். அகப்படவில்லை. அதனால் இது.

தோள் கொடுக்கிற மூலை

சூசை அண்ணை கடல் தொழில் செய்கிறவர். அவருடைய ஊர்க் கோவிலில் பெருநாள் அன்று மாலை அந்தோனியார் சொரூபத்தை மரக் கூட்டில் வைத்து, பூவும் விளக்கும் சோடித்து, நான்கு மூலையிலும் நான்கு பேர் தோள் கொடுத்துக் கடற்கரை வரைக்கும் கொண்டுபோய் வருவார்கள். முன்பக்கம் வலது மூலை சூசை அண்ணையின் குடும்பத்துக்கு உரியது. அவருடைய அப்புவுக்கும் முந்தியே அது அப்படித்தானாம்.

கால் போன பிறகு அந்த மூலையை அவருடைய தம்பி எடுத்துக்கொண்டார். ஒவ்வொரு வருடமும் கூடு வெளிக்கிடும்போது சூசை அண்ணை கோவில் படியில் நின்று பார்த்துக்கொண்டிருப்பார். அப்படி நிற்கிற நாட்களில் அவர் வீட்டில் யாரோடும் கதைப்பதில்லை என்று அவருடைய மனைவி பிலோமினா அக்கா வசந்தி அக்காவிடம் சொல்லியிருக்கிறா.

இந்த வருடம் அவர் ஊர் முழுக்கச் சொல்லிவிட்டார், மூலையைத் தான் தூக்கப்போவதாக. சொன்ன பிறகுதான் எங்களிடம் வந்தார். பழைய காலை அவர் சப்பாத்துக்குள் போட்டுச் சமாளித்து வந்தவர். ஆனால் கூடு தூக்குகிறவர்கள் வெறுங்காலோடு நடக்க வேண்டும், அதுவும் மணலில். ஆகவே மணலில் பரந்து மடங்கி எழும்புகிற புதுப் பாதம் ஒன்று தேவைப்பட்டது.

இதில் ஊருக்குள் ஒரு வழக்கு வேறு கிளம்பியது. றப்பர் பாதம் காலா, செருப்பா? செருப்பும் றப்பர்தானே என்று ஒரு பெரியவர் கேட்டுவிட்டார். கடைசியில் பங்குச் சுவாமியிடம் போனார்கள். சுவாமி கொஞ்ச நேரம் தாடையைத் தடவினாராம்.

"விரல் இருக்குதோ?"

"ஓம் சுவாமி, அஞ்சும் இருக்கு."

"அப்ப கால்தான்."

இந்தத் தீர்ப்பை நான் பட்டறைக்கு வந்த எல்லோருக்கும் சொன்னேன். திருச்சபையே என் விரல்களை ஏற்றுக்கொண்டுவிட்டது என்று கொஞ்சம் கூட்டியும் சொன்னேன்.

பரம்பரை றப்பர்காரன்

எனக்கு இந்த வேலை கிடைத்த விதத்தையும் சொல்லிவிடுகிறேன்.

"றப்பர் வேலை ஏதும் தெரியுமோ தம்பி?" என்று வசந்தி அக்கா கேட்டா.

"எங்கட பரம்பரையே றப்பர்தான் அக்கா" என்றேன்.

பொய் இல்லை. என் அப்பா தெற்கே ஒரு றப்பர் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவர். இளந்தாரியாக இருக்கும்போதே அங்கிருந்து வெளிக்கிட்டுக் கனகராயன்குளத்துக்கு வந்து, காடு வெட்டி, உழுந்து போட்டுப் பிழைத்தவர். நான் பிறந்ததும் வளர்ந்ததும் உழுந்துக்கும் கௌபிப் பயறுக்கும் நடுவில். றப்பர் மரத்தை நான் நேரில் கண்டதே கிடையாது. எனக்குத் தெரிந்த றப்பர் என்றால் சைக்கிள் ரியூப்பும் பள்ளிக்கூடத்து அழிறப்பரும்தான். இரண்டாவதை நான் ஒரு தவணை முழுக்க வைத்திருந்ததாகவும் ஞாபகம் இல்லை.

வேலை கிடைத்ததை அப்பாவிடம் போய்ப் பெருமையாகச் சொன்னேன். அவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார்.

"மூணு தலைமுறையா அதுல மாடா ஒழைச்சிட்டு ஓடியாந்திருக்கோம்டா. நீ என்னடான்னா தேடிப்போயி கட்டிப்புடிக்கிற."

அதோடு விட்டாரா? நான் வேலையால் வந்ததும் என் சட்டையை வாசலிலேயே கழற்றச் சொல்லுவார். கந்தகமும் றப்பரும் சேர்ந்து வெந்த மணம் தீக்குச்சி உரசின மணம் மாதிரி சட்டையில் ஏறி நிற்கும். எத்தனை சவர்க்காரம் போட்டாலும் போகாது. அப்பா அந்த மணம் மூக்கில் பட்டதும் முகத்தைத் திருப்பிக்கொள்வார். எனக்கோ அது பிடித்துவிட்டது. எனக்கென்று உலகத்தில் இருந்த ஒரே உத்தியோக மணம் அது.

பட்டறைக்கு வந்த பிறகு வசந்தி அக்காதான் எனக்கு எல்லாம் காட்டித் தந்தா. ஆனால் 'பரம்பரை' என்று நான் சொன்ன சொல் வெளியே போய்விட்டது. காலுக்கு வருகிறவர்கள் எல்லோரும் என்னை 'மாஸ்டர்' என்று கூப்பிடத் தொடங்கினார்கள். நான் மறுக்கவில்லை.

ஒரே பந்தியில் இரண்டு பேர்

பாதத்தின் தோல் ஒரே றப்பரால் ஆனது அல்ல. மரத்துப் பாலில் இருந்து வருகிற றப்பர் நன்றாக இழுபடும், மடங்கும்; ஆனால் தேய்ந்துபோகும். தொழிற்சாலையில் செய்கிற றப்பர் தேயாது, ஆனால் முரடு. இரண்டையும் கலந்து, கந்தகமும் வேறு தூள்களும் சேர்த்து, தகடாக எங்களுக்கு அனுப்புவார்கள். அதை வெட்டி, உள்ளே பஞ்சு றப்பரும் மரக்கட்டையும் வைத்துச் சுற்றி, அலுமினிய அச்சுக்குள் இறுக்கி, நீராவிப் பெட்டியில் வேகவைப்பது என் வேலை. வேகும்வரை அது வெறும் களி. கந்தகம் உள்ளே போய்ப் பிடித்துக் கட்டினால்தான் கால்.

இங்கேதான் வில்லங்கம். இந்த இரண்டு றப்பரும் கலந்திருக்குமே தவிரக் கரைந்து ஒன்றாவதில்லை. நுணுக்கமாகப் பார்த்தால் இவர் ஒரு திட்டு, அவர் ஒரு திட்டு. மரத்து றப்பர் அவசரக்காரர். சூட்டைக் கூட்டினால் அவர்தான் முதலில் வேகுவார், கந்தகத்தையும் அள்ளி எடுத்துவிடுவார். கலியாண வீட்டில் மாப்பிள்ளை பகுதி முதல் பந்தியிலேயே இறைச்சிக் கறியை முடித்துவிட்ட மாதிரி, மற்றவர் வெறும் சோற்றோடு இருப்பார். பிறகு இரண்டு பகுதிக்கும் என்ன உறவு இருக்கும்? எல்லைக் கோட்டில் பிரிந்துகொண்டு போய்விடும். அதிலும் நேரம் போதாவிட்டால் உள்ளே இருப்பது வேகாமலே கிடக்கும். குறைந்த சூட்டில் ஆறுதலாக வேகவிட்டால் இரண்டு பேருக்கும் பங்கு கிடைக்கும், ஒருவரை ஒருவர் பிடித்துக்கொள்வார்கள்.

இந்தப் பந்திக் கதையை நான் கேட்கிறவர்களுக்கும் சொல்லுவேன், கேட்காதவர்களுக்கும் சொல்லுவேன். சூசை அண்ணைக்கு அளவு எடுத்த அன்று மட்டும் இரண்டு தரம் சொன்னேன். இரண்டாம் தரம் சொல்லும்போது அவர் கண்ணை மூடியிருந்தார். ஆழமாக யோசிக்கிறார் என்று நினைத்தேன்.

இவ்வளவும் தெரிந்தவன்தான் அந்தக் காலை வேகவைத்தேன்.

மணிக்கூடு வைத்திருந்த பஸ்

எங்கள் நீராவிப் பெட்டியில் நேரம் காட்டுகிற கருவி ஒன்று இருந்தது. கடற்காற்றில் கறள் பிடித்து நின்றுவிட்டது. புதியது வரும் என்று சொல்லியிருந்தார்கள், இன்னமும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். கையில் போன் இல்லையா என்று கேட்பீர்கள். இருந்தது. ஒரு நாள் என் போனைச் சூடான அச்சுக்கு மேலே வைத்துவிட்டேன். அதன் பிறகு வேலை நேரத்தில் எல்லாப் போனும் வசந்தி அக்காவின் அலுமாரிக்குள் போக வேண்டும் என்று சட்டம் வந்தது.

ஆகவே நாங்கள் பஸ்ஸில் நேரம் பார்த்தோம். காலையில் வவுனியா பஸ் புறப்பட்டுப் போகும்போது அச்சைப் பெட்டிக்குள் வைப்போம். அதே பஸ் திரும்பி வந்து எங்கள் வாசலில் ஹோர்ன் அடிக்கும்போது எடுப்போம். அந்தச் சாரதியின் மாமிக்கு நாங்கள் கால் செய்து கொடுத்திருந்தோம். அந்த நன்றிக்கு அவர் ஒரு நாளும் ஹோர்ன் அடிக்காமல் போனதில்லை. பஸ் பிந்தினால் கால் கொஞ்சம் கூடுதலாக வேகும், பழுதில்லை. முந்தி வருவது என்பது எங்கள் சரித்திரத்தில் நடந்ததே இல்லை.

சூசை அண்ணையின் கால் வெந்த அன்று நான் தேத்தண்ணிக் கடையில் சுவாமியின் தீர்ப்பை விளக்கிக்கொண்டு நின்றதில் பெட்டிக்கு நெருப்பு மூட்டப் பிந்திவிட்டது. பிந்தினால் என்ன, சூட்டைக் கூட்டினால் சரிதானே என்று பாலை விறகை அள்ளித் திணித்தேன். பெட்டி 'உஸ்' என்று கத்தியது. கொஞ்ச நேரத்தில் ஹோர்ன் கேட்டது. எடுத்தேன். வெளியே பளபளவென்று, நகம் வரைக்கும் வடிவாக வந்திருந்தது. எல்லோருக்கும் தூக்கிக் காட்டினேன்.

பிளந்த காலுக்கு விசாரணை

வாய் திறந்த காலை வசந்தி அக்கா மேசையில் வைத்துப் பாண் வெட்டுகிற கத்தியால் நடுவே அறுத்தா. மேலே ஒரு தோல் கறுத்து இறுகியிருந்தது. அதற்குக் கீழே தட்டுத்தட்டாகப் பிரிந்திருந்தது. அதற்கும் கீழே விரலை வைத்தால் ஒட்டியது.

"எவ்வளவு நேரம் வெந்தது?"

"ஹோர்ன் அடிக்கும்வரைக்கும் அக்கா."

"எந்த பஸ்?"

"எங்கட பஸ்தான். அதே சாரதி, அதே ஹோர்ன்."

"பஸ்ஸுக்குள்ள ஆர் இருந்தவை?"

யோசித்துப் பார்த்தேன். நிறையச் சனம். பெண்கள். கையில் பூமாலை, மெழுகுதிரிப் பெட்டி. பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஒருவரும் இல்லை.

"தம்பி, அது பெருநாள் ஸ்பெஷல். கிட்ட இருக்கிற புதுக்குடியிருப்போட திரும்பி வாறது. வவுனியாவுக்குப் போகேல்லை."

அந்தோனியாரைப் பார்க்க வந்த சனத்தின் பஸ்தான் அந்தோனியாரைத் தூக்கப்போன காலை அரைவேக்காட்டில் இறக்கியிருக்கிறது. நான் இதைச் சொல்லிச் சிரிக்கப் பார்த்தேன். சூசை அண்ணையின் முகத்தைக் கண்டதும் சிரிப்பு வரவில்லை. அவர் பழைய சப்பாத்துக் காலை மாட்டிக்கொண்டிருந்தார்.

"தம்பியிட்டைச் சொல்லிவிடுறன், அவனே தூக்கட்டும்" என்றார்.

"பொறுங்கோ அண்ணை" என்றா வசந்தி அக்கா. "இன்னொரு காலுக்குத் தகடு இருக்கு. நாளைக்கு விடிய வைப்பம். நெருப்பைக் குறைச்சு, ஆறுதலா வேகட்டும். இரவு முழுக்க அச்சுக்குள்ளயே ஆறட்டும். பெருநாள் அண்டு காலமை வாங்கோ."

பிறகு அலுமாரியைத் திறந்து தன்னுடைய போனை எடுத்து என் கையில் தந்தா. அந்தப் போனைப் போல் பாரமான ஒன்றை நான் அதற்கு முன் தூக்கியதில்லை.

அடுத்த நாள் விடிய நான் பெட்டிக்கு முன்னால் கதிரையைப் போட்டு இருந்துவிட்டேன். ஒரு விறகு எரிந்து முடிய ஒரு விறகு. தேத்தண்ணிக் கடைப் பக்கம் தலை வைத்தும் படுக்கவில்லை. சூசை அண்ணையைப் பெருநாள் காலமைதான் வரச் சொன்னோம்; அவர் அன்றே வந்து எனக்குப் பக்கத்தில் இன்னொரு கதிரையில் இருந்தார். ஸ்பெஷல் பஸ் ஹோர்ன் அடித்துக்கொண்டு போனது. இரண்டு பேரும் அசையவில்லை.

"மாஸ்டர், இதுவும் பிழைச்சால்?"

வழமையாக நான் இந்த இடத்தில் பந்திக் கதையைத் தொடங்குவேன்.

"நான் விழுறது ஒரு பிரச்சினை இல்லை" என்றார் அவர். "கடல்ல எத்தினை தரம் விழுந்து எழும்பினனான். அந்தோனியாரைக் கீழ போட்டனெண்டால் பிறகு நான் அந்தப் படியிலயும் நிக்கேலாது. சொல்லுங்கோ, பிழைக்காதோ?"

"தெரியாது அண்ணை" என்றேன்.

அவர் கதிரையில் சாய்ந்தார். "அப்ப சரி. தெரியும் எண்டு சொல்லியிருந்தால் எழும்பிப் போயிருப்பன்."

கூட்டுக்குப் பக்கத்தில்

பெருநாள் காலை அச்சைத் திறந்தபோது கால் பளபளக்கவில்லை. மங்கலாக, சாதாரணமாக இருந்தது. வசந்தி அக்கா குதியை அமத்தி, விரல்களை மடக்கி, முறுக்கிப் பார்த்துவிட்டுக் குழலில் பூட்டினா. சூசை அண்ணை கதவடியில் இருந்து ஜன்னலடி வரைக்கும் நடந்தார், திரும்பினார், மறுபடி நடந்தார்.

"புதுக் கால் அண்ணை, பழகேல்லை" என்று நான் கெஞ்சினேன். "கடற்கரைத் திருப்பம் வரைக்கும் தூக்குங்கோ. அங்க தம்பியிட்டைக் குடுத்திடுங்கோ."

"ஓம் ஓம்" என்றார். அவ்வளவு இலகுவாக அவர் ஒத்துக்கொண்டபோதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

மாலையில் நானும் செருப்பைக் கழற்றிவிட்டுக் கூட்டத்தோடு நடந்தேன். வலது மூலைக்குப் பக்கத்திலேயே, முதுகை வளைத்து, குனிந்து, அந்தக் குதிக்காலைப் பார்த்தபடி. எல்லோரும் மேலே அந்தோனியாரைப் பார்க்கிறார்கள், நான் ஒருவன் மட்டும் கீழே. என் பணிவைக் கண்டு இரண்டு பெண்கள் வழி விட்டார்கள். ஒரு அம்மா என் கையில் மெழுகுதிரி ஒன்றைத் தந்து, "என்ன நேர்த்திக்கடன் ராசா?" என்று கேட்டா. "கால் வருத்தம் அம்மா" என்றேன்.

மணல் தொடங்கியது. பகல் வெயிலின் சூடு இன்னும் அதில் இருந்தது. சிப்பித் துண்டும் அறுந்த வலைத் துண்டும் கலந்த மணல். பாரம் ஏற ஏறக் குதி பரந்தது, கால் எடுக்க எழும்பியது. பரந்தது, எழும்பியது. ஒரு கோடு இல்லை. மெழுகு வழிந்து என் கையைச் சுட்டது; நான் கையை மாற்றவில்லை.

திருப்பம் வந்தது. தம்பிக்காரர் தோள் மாற்ற ஓடி வந்தார். சூசை அண்ணை தலையை ஆட்டினார், வேண்டாம் என்று. நான் கையைக் காட்டினேன், கண்ணைக் காட்டினேன், மெழுகுதிரியைக் கூட ஆட்டினேன். அவர் என் பக்கம் திரும்பவேயில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு முன்னே பார்த்து நடந்தார். கூடு சரியாமல், குலுங்காமல், கடற்கரையைச் சுற்றிக் கோவிலுக்குத் திரும்பியது. சொரூபத்தை இறக்கி வைத்தபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. பக்கத்தில் நின்றவர் கேட்டதற்கு, மெழுகு சுட்டுவிட்டது என்றேன்.

சூசை அண்ணை மெல்ல மெல்ல வந்து கோவில் படியில் இருந்தார். நான் ஓடிப்போய் மண்ணில் முழங்காலை ஊன்றி அந்த வலது பாதத்தை மடியில் எடுத்தேன். அமத்தினேன், மடக்கினேன், மணந்தும் பார்த்தேன்.

"அண்ணை, ஒரு கீறல் இல்லை! பாத்தீங்களோ, ஆறுதலா வெந்தால் ரெண்டு பேருக்கும் கந்தகம்—"

"ஓம் மாஸ்டர்" என்றார். "உது நல்லா இருக்கு. மற்றதையும் ஒருக்காப் பாருங்கோ."

இடது காலைப் பார்த்தேன். உள்ளங்காலில் சிப்பி ஆழமாக வெட்டியிருந்தது. இரத்தமும் மணலும் சேர்ந்து பிசைந்துபோய் இருந்தது. அவர் நடந்து வந்த வழியில் படிவரைக்கும் இடது அடிகள் எல்லாம் சிவப்பு. நான் அவ்வளவு தூரம் பக்கத்தில் குனிந்து வந்தவன். ஒன்றையும் காணவில்லை.

"எங்க வெட்டினது?"

"திருப்பத்திலேயே ஏறிட்டுது."

"தம்பி வந்தவரெல்லோ! ஏன் அண்ணை குடுக்கேல்லை?"

"அங்க குடுத்திருந்தால், பொய்க்கால் பிழைச்சுப்போச்சு எண்டெல்லோ சனம் சொல்லும்."

எனக்கு வெட்கமும் சந்தோசமும் ஒன்றாக ஏறி, எது எது என்று பிரிக்க முடியவில்லை.

பிலோமினா அக்கா ஒரு வாளி தண்ணீரோடு வந்தா. ஏசிக்கொண்டே இடது காலைக் கழுவினா, துவாயால் கட்டினா. பிறகு வலது காலை இழுத்து அதற்கும் தண்ணீர் ஊற்றினா.

"உதுக்கு ஒண்டும் இல்லையப்பா, விடு" என்றார் சூசை அண்ணை.

"அதுவும் சேர்ந்துதானே நடந்தது" என்றா அவா.

விரல்களுக்கு நடுவே இருந்த மணலை ஒவ்வொன்றாக எடுத்து, சேலைத் தலைப்பால் ஈரத்தை ஒற்றினா. றப்பரில் ஈரம் ஊறாது, துடைக்கத் தேவையில்லை என்று எனக்குத் தெரியும். நான் வாளியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.